திறந்த நிரலும் மூடிய சில்லும்

கட்டற்ற மென்பொருள் பற்றி நம் மத்தியில் பேச்சு வரும்போது, அது 1991இல் ஹெல்சின்கி மாணவர் ஒருவர் எழுதத் தொடங்கிய லினக்ஸிலிருந்தே ஆரம்பிக்கிறது. செயற்கை அறிவு பற்றிய பேச்சோ, கடந்த சில ஆண்டுகளுக்குள் திடீரென வானத்திலிருந்து விழுந்த ஒன்றைப் பற்றியதுபோல நடக்கிறது. இவையிரண்டும் வேறு வேறு கதைகள் என்றே கருதப்படுகின்றன. இவை ஒரே கதை என்பதே என் வாதம். கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்தது ஒரு செயற்கை அறிவு ஆய்வுகூடத்தில். அது பிறக்கக் காரணமாயிருந்த தகராறு, செயற்கை அறிவு ஆராய்ச்சிக்கெனவே கட்டப்பட்ட ஓர் இயந்திரத்தைப் பற்றியது. நிரலைப் பகிரலாம், இயந்திரத்தை யார் வைத்திருப்பது? அன்று எழுந்த இந்தக் கேள்வி நாற்பது ஆண்டுகள் கழித்து, முன்னைவிடப் பெரிய உருவத்துடன் திரும்பி வந்திருக்கிறது.

நான் கணனியியலைத் தொழிலாகக் கொண்டவனல்ல. வேலை முடிந்த பின்னேரங்களில், பிறர் கழித்துவிட்ட இயந்திரங்களை வாங்கிக் கழற்றி, லினக்ஸையும் பி.எஸ்.டி.யையும் ஏற்றிப் பார்ப்பது பல ஆண்டுப் பழக்கம். அண்மைக் காலமாக அந்த மேசையில் இயந்திரக் கற்றலுக்குப் பயன்படும் பழைய கிறாபிக்ஸ் அட்டைகளும் சேர்ந்திருக்கின்றன. மென்பொருளில் எனக்குக் கிடைக்கும் சுதந்திரம் அந்த அட்டையின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஏன் அப்படி என்று தேடிப்போனதன் விளைவே இக்கட்டுரை.

1

கதையை 1956இலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் தொலைபேசித் துறையில் ஏகபோகம் வகித்த ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம், அரசு தொடுத்த வழக்கின் முடிவில் ஓர் இணக்கத்துக்கு வந்தது. தொலைத்தொடர்பைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்குவதில்லை என்பது அதன் சாரம். 1969இல் அந்த நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். நிறுவனத்தால் அதை ஒரு வியாபாரப் பொருளாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஆகவே பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்துடன், மூலநிரலும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. யுனிக்ஸின் ‘திறந்த’ தன்மை எவருடைய தாராள மனத்திலிருந்தும் வந்ததல்ல. ஏகபோகத்தின்மீது அரசு போட்ட கடிவாளத்தின் பக்கவிளைவு அது. இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் உதவும்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் லயன்ஸ், யுனிக்ஸின் ஆறாம் பதிப்பின் கருநிரலை முழுமையாகத் தந்து, அதற்கு வரிக்கு வரி உரை எழுதினார். 1970களின் நடுப்பகுதியில் மாணவர்களுக்கென அவர் தயாரித்த நூல் அது. நம் மரபில் மூலத்தோடு உரையையும் சேர்த்தே படித்துப் பழகியவர்களுக்கு இம்முறை புதிதாய்த் தோன்றாது. ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் வைத்துப் படிப்பிப்பதைத் தடைசெய்தது. லயன்ஸின் நூல் பகிரங்கமாகக் கிடைக்காமற் போயிற்று. அதன்பின் அது நிழற்பிரதியாகவும் நிழற்பிரதியின் நிழற்பிரதியாகவும் கைமாறியது. எழுத்துகள் மங்கிப்போன அப்பிரதிகளிலிருந்தே ஒரு தலைமுறை இயங்குதளம் என்றால் என்னவென்று கற்றது. அந்நூல் சட்டபூர்வமாக அச்சில் வெளிவந்தது 1996இல்தான்.

1984இல் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் உடைக்கப்பட்டது. அதனுடன் பழைய கடிவாளமும் நீங்கியது. யுனிக்ஸ் முழுமையான விற்பனைப் பண்டமாயிற்று. அம்ஸ்ரர்டாமில் அன்ட்ரூ ரனன்பவும் என்ற பேராசிரியர், மாணவர் படிப்பதற்கென 1987இல் மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தைத் தானே எழுதி வெளியிட நேர்ந்ததும் இதனால்தான்.

2

இதே காலத்தில் எம்.ஐ.ரி.யின் செயற்கை அறிவு ஆய்வுகூடத்தில் வேறொன்று நடந்தது. செயற்கை அறிவு ஆராய்ச்சியின் மொழியாக அன்று இருந்தது லிஸ்ப். அதைச் சாதாரணக் கணனிகளில் ஓட்டுவது சிரமமாயிருந்தது. ஆகவே றிச்சர்ட் கிறீன்பிளற், ரொம் நைற் முதலானோர் லிஸ்ப் மொழிக்கென்றே தனியாக ஒரு கணனியை 1970களில் வடிவமைத்தனர். அதன் மென்பொருள் ஆய்வுகூடத்தின் பொதுச் சொத்துப்போல எல்லோராலும் திருத்தப்பட்டு வளர்ந்தது.

இயந்திரத்தை வியாபாரமாக்கும் கட்டம் வந்ததும் ஆய்வுகூடம் இரண்டாகப் பிளந்தது. 1979இல் கிறீன்பிளற் எல்.எம்.ஐ. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வெளி முதலீட்டைத் தேடிச் சென்ற மற்றத் தரப்பு 1980இல் சிம்பொலிக்ஸ் நிறுவனத்தை அமைத்தது. ஆய்வுகூடத்தின் திறமைசாலிகளிற் பெரும்பாலோர் சிம்பொலிக்ஸுக்குப் போய்விட்டனர். 1982இல் சிம்பொலிக்ஸ் ஒரு நிபந்தனை விதித்தது: தான் செய்யும் மேம்பாடுகளை எம்.ஐ.ரி. பயன்படுத்தலாம், ஆனால் அவை போட்டி நிறுவனத்துக்குப் போய்ச் சேரக்கூடாது. அதுவரை பகிர்வின்மீது நின்ற ஒரு சமூகம், பக்கம் எடுக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டது.

ஆய்வுகூடத்தில் எஞ்சியிருந்த றிச்சர்ட் ஸ்ரோல்மன் பக்கம் எடுத்தார். சிம்பொலிக்ஸ் செய்த மேம்பாடுகளுக்கு ஈடானவற்றைத் தனியொருவராக மறுபடி எழுதி, எல்.எம்.ஐ.க்கும் கிடைக்கச் செய்தார். 1983 வரை இது நீடித்தது. பழிவாங்கலால் ஒரு சமூகத்தை மீளக் கட்ட முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. 1983 செப்ரெம்பர் 27ஆம் திகதி, யுனிக்ஸைப் போன்ற, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அதுவே குனூ. 1984 ஜனவரியில் தன் வேலையை விட்டார். தான் எழுதுவதற்கு நிறுவனம் உரிமை கோரிவிடக்கூடாது என்பதே காரணம். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் 1989இல் குனூ பொது உரிமமும் வந்தன. பதிப்புரிமைச் சட்டத்தையே பயன்படுத்தி, ‘இதைப் பெற்றவர் இதே உரிமைகளுடன் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தியது அவ்வுரிமம்.

தகராறுக்குக் காரணமான இயந்திரத்துக்கு என்ன நடந்தது? 1987 அளவில் லிஸ்ப் இயந்திரச் சந்தை சரிந்தது. பொதுப் பயன்பாட்டுக் கணனிகள் குறைந்த விலையில் அதே வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டன. சிம்பொலிக்ஸ் 1993இல் வங்குறோத்தானது. தனக்கென ஒரு சிறப்பு இயந்திரம் செய்து அதைச் சுற்றி வேலியிட்டவர்கள், எல்லோர் வீட்டிலும் இருந்த மலிவான இயந்திரத்திடம் தோற்றார்கள். இதையும் குறித்துக்கொள்வோம்.

3

1991 ஓகஸ்ற் 25ஆம் திகதி லினஸ் ரோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும் அது வெறும் பொழுதுபோக்கே எனவும் மினிக்ஸ் பயனாளர்களுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அதைக் குனூ பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். குனூவின் கருவிகளும் லினக்ஸ் கருநிரலும் சேர்ந்து முழுமையான இயங்குதளமாயின. அதே 1992இல், பேர்க்லியில் வளர்ந்த பி.எஸ்.டி. யுனிக்ஸ்மீது ஏ.ரி. அன்ட் ரி.யின் துணை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1994இல் அது சமரசத்தில் முடியும்வரை பி.எஸ்.டி. நிழலில் நின்றது. லினக்ஸ் முந்திக்கொண்டதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

இங்கு பலரும் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. லினக்ஸ் எழுதப்பட்டது இன்ரெல் 386 சில்லு பூட்டிய சாதாரண மேசைக்கணனியில். அந்த வகைக் கணனி ஏன் ஒரு மாணவருக்கு எட்டும் விலையில் கிடைத்தது? 1981இல் ஐ.பி.எம். தன் கணனியைச் சந்தையில் கிடைத்த உதிரிப் பாகங்களைக் கொண்டே கட்டியது. எஞ்சியிருந்த தனியுரிமைத் துண்டான தொடக்க நிரலையும் கொம்பக் முதலிய நிறுவனங்கள், மூலத்தைப் பார்க்காமலே அதன் செயலை மட்டும் ஆராய்ந்து மறுபடி எழுதிக்கொண்டன. ஒரே இயந்திரத்தைப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுச் செய்தன. அதன் உட்கட்டமைப்பு ஊரறிந்த விடயமாயிற்று. மென்பொருளின் சுதந்திரத்தை உரிமமும் இலட்சியமும் மட்டும் சாதித்தன என்று எழுதுவது பாதி உண்மையே. வன்பொருளில் ஏகபோகம் உடைந்திருந்தது என்பது மற்றப் பாதி.

அந்த உடைவின் பயனை 1994இல் நாசாவின் கொடார்ட் நிலையத்தில் பார்க்க முடிந்தது. தோமஸ் ஸ்ரேர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 486 வகைச் சில்லுகள் 16ஐச் சாதாரண வலையமைப்பால் இணைத்து, லினக்ஸை ஏற்றி, ‘பியோவுல்ப்’ என்ற கொத்துக்கணனியை உருவாக்கினர். பெரும் பணத்துக்கு மட்டும் கிடைத்துவந்த மீக்கணனியின் வேலையில் ஒரு பகுதி, கடையில் வாங்கிய பெட்டிகளால் முடிந்தது. 2017 நொவம்பரில் உலகின் மிக வேகமான 500 கணனிகளின் பட்டியலில் எல்லாமே லினக்ஸில் ஓடின. பொழுதுபோக்காகத் தொடங்கியது முழு வெற்றி பெற்றுவிட்டதாகவே தோன்றியது.

4

ஆனால் அதே கணனிகளுக்குள் வேறொரு பொருள் நுழைந்துவிட்டிருந்தது. 1993இல் தொடங்கப்பட்ட என்விடியா, கணனி விளையாட்டுகளுக்கான கிறாபிக்ஸ் அட்டைகளைச் செய்த நிறுவனம். திரையிலுள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் கணக்கிட வேண்டியிருந்ததால், அவ்வட்டையில் எளிய கணிப்பலகுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டன. நரம்பு வலைப்பின்னலின் கணிதமும் அடிப்படையில் இப்படிப்பட்டதே: பெரிய அணிகளைப் பெருக்குதல், கூட்டுதல், மறுபடி பெருக்குதல். 2006இல் என்விடியா, அட்டையைப் பொதுக் கணிப்புக்குப் பயன்படுத்தும் தன் நிரலாக்கத் தளத்தை அறிவித்தது. அதன் பெயர் கூடா. தமிழ்க் காதுக்கு இப்பெயர் தரும் பொருளை அந்த நிறுவனம் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பொருத்தம் என்னவோ சரியாகவே இருந்தது. இலவசமாகக் கிடைத்தது, மூலநிரல் கிடைக்கவில்லை. அந்த நிறுவனத்தின் அட்டையில் மட்டுமே ஓடியது.

2012 இவ்வரலாற்றில் ஒரு முக்கிய ஆண்டு. ஜூனில், பின்லாந்தின் ஆல்ரோ பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் ரோர்வால்ட்ஸ், லினக்ஸுடன் ஒத்துழைக்காத நிறுவனங்களில் மிக மோசமானது என்விடியாவே எனச் சொல்லி, ஒளிப்படக்கருவிக்கு முன் நடுவிரலை உயர்த்தினார். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிறிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெப்றி ஹின்ரன் மூவரும் இமேஜ்நெற் போட்டியில் வென்றனர். படங்களை இனங்காண்பதில் அவர்களது பிழை வீதம் 15.3, அடுத்து வந்தவர்களுடையது 26.2. பயிற்சி நடந்தது எந்தப் பெரிய நிலையத்திலுமல்ல. தலா 3 கிகாபைற் நினைவகம் கொண்ட இரண்டு ஜி.ரி.எக்ஸ். 580 விளையாட்டு அட்டைகளில், ஐந்தாறு நாட்களில், 12 இலட்சம் படங்களைக் கொண்டு 6 கோடி அளபுருக்கள் பயிற்றப்பட்டன. நம்மவர் பெருந்தொகையாக வாழும் அதே நகரில், எவரும் கடையில் வாங்கக்கூடிய பொருளைக் கொண்டே இது நிகழ்ந்தது. ஒரு வகையில் இதுவும் பியோவுல்பின் தொடர்ச்சியே.

ஒரே ஒரு வேறுபாடு. பியோவுல்ப் நின்ற தளத்தைப் பல நிறுவனங்கள் செய்தன. இதை ஒன்று மட்டுமே செய்தது. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் எழுதிய கபே, ரென்சர்புளோ, பைரோச் முதலிய கருவிகளின் மூலநிரல்கள் எல்லோருக்கும் திறந்திருந்தன. ஆனால் அவை அட்டையுடன் பேசியது பெரும்பாலும் கூடா வழியாகவே. திறந்த நிரல் எழுதிய ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, ஒரு மூடிய தளத்தின் மதிப்பை உயர்த்திக்கொண்டிருந்தனர். இது சதியல்ல, சந்தையின் இயல்பு. ஆனால் இயல்பு என்று சொல்லிவிட்டால் அதிகாரம் இல்லாமற் போய்விடுமா?

2017 டிசெம்பரில் அது வெளிப்பட்டது. என்விடியா தன் விளையாட்டு அட்டைகளின் இயக்கி மென்பொருளுக்கான உரிமத்தைத் திருத்தி, அதைத் தரவு நிலையங்களில் பயன்படுத்த அனுமதியில்லை என்றது. அட்டை வாங்கியவருடையது; அது எங்கே வேலை செய்யலாம் என்பதை விற்றவர் தீர்மானிப்பார். 1979இல் யுனிக்ஸை வகுப்பில் படிப்பிக்காதே என்று சொன்ன அதே வகை வாசகம்தான் இது. வன்பொருளிலேயே பூட்டு விழுந்தது அதற்கு முன்பே. என்விடியா அட்டைகளுக்குத் திறந்த இயக்கி எழுதிய ‘நூவோ’ திட்டத்தினர், 2014க்குப் பிந்திய அட்டைகளில், நிறுவனம் கையொப்பமிட்ட உள்நிரல் இன்றி வேகத்தைக்கூடக் கூட்ட முடியாத நிலைக்கு வந்தனர். 2022 மேயில் நிறுவனம் தன் இயக்கியின் கருநிரற் பகுதியைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் பல வேலைகள் அட்டைக்குள் ஓடும் மூடிய உள்நிரலுக்கு மாற்றப்பட்ட பின்னரே அது நடந்தது. கூடா மூடியே இருந்தது. கதவு திறந்தது, அறை காலி.

5

என் மேசைக்கு வருகிறேன். 2016இல் தரவு நிலையங்களுக்கென வெளிவந்த பி 40 அட்டையில் 24 கிகாபைற் நினைவகம் உண்டு. நிலையங்கள் கழித்துவிட்டதும் இரண்டாங்கைச் சந்தைக்கு வந்தது. அதில் காற்றாடி இல்லை. நிலையத்தின் காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டது. வீட்டில் ஓட்ட வேண்டுமானால் நாமே ஒரு காற்றாடியைப் பொருத்த வேண்டும். 700 கோடி அளபுருக்கள் கொண்ட மொழி மாதிரி ஒன்று, ஒவ்வோர் எண்ணுக்கும் 16 பிற் ஒதுக்கினால் 14 கிகாபைற் இடம் பிடிக்கும். 4 பிற்றாகச் சுருக்கினால் மூன்றரைக்குள் அடங்கும். 2023 மார்ச்சில் பல்கேரியாவின் ஜோர்ஜி கெர்கானவ் வெளியிட்ட திறந்த நிரல் இப்படிச் சுருக்கிய மாதிரிகளைச் சாதாரண மடிக்கணனியிலும் ஓடச் செய்தது. லயன்ஸின் மங்கிய நிழற்பிரதியைப் போலவே இதுவும் தரம் சற்றுக் குறைந்த பிரதி; ஆனால் கைக்கு வந்து சேர்ந்த பிரதி.

அந்தப் பிரதியில் தமிழ் எப்படி இருக்கிறது? இங்கேதான் இவ்வரலாறு நம்மைத் தொடுகிறது. 1991இல் வந்த யூனிக்கோட், இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட குறியீட்டு முறையைத் தழுவித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. 1992 செப்ரெம்பரில் அதே கென் தொம்சன், றொப் பைக்குடன் சேர்ந்து, யூனிக்கோட்டைப் பைற்றுகளாக எழுதும் யூரிஎப்-8 முறையை வகுத்தார். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. நம் மொழியின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைற், தமிழில் எழுதினால் 15. வெறுமனே சேமிப்பதற்கு இது பெரிய சுமையல்ல. மொழி மாதிரியோ எழுத்துகளை, தான் படித்தவற்றில் அடிக்கடி வரும் துண்டுகளாக உடைத்தே வாசிக்கிறது. படித்தவற்றிற் பெரும்பகுதி ஆங்கிலமாயிருந்தால் ஆங்கிலச் சொல் முழுதாக நிற்கும், தமிழ்ச் சொல் நொறுங்கும். ஒரே விடயத்தைச் சொல்லத் தமிழுக்குக் கூடுதல் துண்டுகள், கூடுதல் நினைவகம், கூடுதல் நேரம். துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிடும் சேவையானால் கூடுதல் பணம். பின்வந்த சில மாதிரிகளில் இவ்விடைவெளி குறைந்திருக்கிறது. அதைக் குறைப்பதா வேண்டாமா என்பதை மாதிரியைப் பயிற்றுபவரே தீர்மானிக்கிறார். பயிற்ற இயந்திரம் வேண்டும்.

‘திறந்த’ என்ற சொல்லுக்கும் இங்கே தேய்மானம் நேர்ந்துவிட்டது. எண்களை மட்டும் தந்து, எதைப் படிப்பித்தோம், எப்படிப் படிப்பித்தோம் என்பதைத் தராத மாதிரி, மூலநிரல் இல்லாத நிரலுக்கே சமானம். 2024 ஒக்ரோபரில் திறமூல முனைப்பு என்ற அமைப்பு இதற்கு வரையறை தந்தபோது, பயிற்சித் தரவு முழுவதும் வேண்டியதில்லை, தரவு பற்றிய போதிய விபரம் போதும் என்று நின்றது. அந்த இடத்தில் வாதம் இன்னும் முடியவில்லை.

மாறான உதாரணமும் உண்டு. 2022இல் வெளிவந்த புளூம், தமிழ் உட்பட 46 மொழிகளில் பயிற்றப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆராய்ச்சியாளர் கலந்துகொண்டனர். தரவும் முறையும் பகிரங்கமாகப் பேசப்பட்டன. பயிற்சி நடந்தது பாரிஸுக்குத் தெற்கேயுள்ள பிரெஞ்சு அரசின் ஜோன் சே மீக்கணனியில். அதாவது நம்மவரும் வரி கட்டும் ஒரு நாட்டின் பொது இயந்திரத்தில். ஆனால் அதன் 17,600 கோடி அளபுருக்களை 16 பிற்றில் ஏற்ற 352 கிகாபைற் வேண்டும். என்னிடம் உள்ளதைப் போன்ற அட்டைகள் பதினைந்து. படிக்கும் உரிமை உண்டு, ஓட்டும் வசதி இல்லை.

6

நம்மிடையே இரு நிலைப்பாடுகளைக் காண்கிறேன். இவை தொழில்நுட்பர்களின் விவகாரம், அரசியலும் இலக்கியமும் பேசுவோருக்கு இதில் என்ன வேலை என்பது ஒன்று. திறந்த உரிமம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மற்றது. முதலாவதற்குப் பதில் எளிது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறு பிரதியில்லாத ஏடுகள் திரும்பிவராமல் போயின. பிரதி எடுக்கும் உரிமையும் வசதியும் யாரிடம் இருக்கின்றன என்பது அரசியற் கேள்வி என்பதை நமக்கு வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அனுபவத்தின் பின் தன்னார்வலர்கள் எண்ணிம நூலகங்களை வளர்த்தெடுத்தார்கள். இணையத்தில் திறந்து வைக்கப்பட்ட எந்த எழுத்தும் நாளை எவருடைய இயந்திரத்துக்கும் தீனியாகலாம். அதைத் தடுக்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. அந்த எழுத்தின் பிரதியோடு, அதைக் கொண்டு பயிற்றவும் சரிபார்க்கவும் கூடிய இயந்திரமும் அறிவும் நம் கையில் ஓரளவாவது இருக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது நிலைப்பாட்டுக்கு மேலே சொன்ன வரலாறே பதில். யுனிக்ஸ் திறந்திருந்தது, ஏகபோகத்துக்குக் கடிவாளம் இருந்தவரை. லினக்ஸ் வளர்ந்தது, வன்பொருளைப் பலர் செய்த களத்தில். உரிமம் அவசியம், ஆனால் தனியே அது நிற்க நிலம் போதாது. 2010இல் பேர்க்லியில் தொடங்கிய றிஸ்க்-5 என்ற திறந்த கட்டளைத் தொகுதி இத்திசையில் ஒரு முயற்சி. அதன் அமைப்பு 2020இல் சுவிற்சர்லாந்துக்குப் பதிவை மாற்றிக்கொண்டது, நாடுகளின் தகராறுக்குள் அகப்படாதிருக்கவே. 2022 ஒக்ரோபரில் அமெரிக்கா உயர்ரகச் சில்லுகளைச் சீனாவுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியபோது அந்த அச்சம் வீணானதல்ல என்று தெரிந்தது. ஆனால் கட்டளைத் தொகுதி காகிதத்தில் உள்ள வரைபடம். அதைச் சிலிக்கனில் பொறிக்கும் அதிநுண் ஒளிப்பொறிப்பு இயந்திரத்தை உலகில் ஒல்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். ஒன்றே செய்கிறது. வேலி இன்னொரு படி கீழே இறங்கியிருக்கிறது.

லிஸ்ப் இயந்திரத்தைப் போல இன்றைய சிறப்புச் சில்லுகளும் ஒருநாள் மலிவான பொதுப்பொருளிடம் தோற்கக்கூடும். அது தானாக நடக்கும் என்று காத்திருப்பது வரலாற்றைத் தவறாகப் படிப்பதாகும். அன்று தோற்கடித்த மலிவான இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு வழக்கும், ஒரு மறு எழுத்தும், உரை எழுதிய ஓர் ஆசிரியரும், பக்கம் எடுத்த சிலரும் இருந்தனர். சிதறி வாழும் நமக்கு அரசும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. ஆனால் வாழும் நாடுகளின் பொது இயந்திரங்களில் நம் மொழிக்கு நேரம் கேட்கலாம். கழிக்கப்பட்ட அட்டைகளைக் கூட்டாக வாங்கி ஓர் அறையில் ஓட்டலாம். நம் எழுத்துகளின் சுத்தமான பிரதியை நாமே பேணலாம். இவற்றில் எது முதலில், எது பயனற்றது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும். குறிப்பாக, இந்த மூன்றும் வீண்வேலை என்று நினைப்பவர்கள்.